காதிக் நாவல் படிக்கிறீர்களா? சாவி யார் கையில் என்று பாருங்கள்

விக்டோரியா காலத்து காதிக் நாவலை, அதாவது பழைய மாளிகையும் ரகசியமும் திகிலும் கலந்த கதையை, பென்சிலோடு படியுங்கள். கதவு, ஜன்னல், பூட்டு வரும் இடத்திலெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்குப் படிப்பவர்களுக்குப் பாத்திரங்களைப் பற்றித் தனியாகக் குறிப்பெடுக்கும் வேலை பெருமளவு மிச்சம்.

வெளிப்படையாக எழுதக் கூசிய விஷயங்களை அந்த எழுத்தாளர்கள் வீட்டின் அமைப்பிலேயே சொல்லிவிடுவார்கள். 1886இல் வந்த ஜெக்கில்–ஹைடு கதையில் டாக்டர் ஜெக்கில் வீட்டு முன்வாசலில் செல்வக்களை தெரியும். கொடியவன் ஹைடு நுழையும் பின்பக்கக் கதவோ சாயம் கொப்பளித்து, அழைப்பு மணிகூட இல்லாமல் கிடக்கும். இரண்டும் ஒரே வீட்டுடையவை என்பது பிறகுதான் தெரியவரும். இதைப் பிடித்துவிட்டால் முடிச்சு பாதி அவிழ்ந்த மாதிரிதான். ‘ஜேன் ஐயர்’ (1847) நாவலின் பூட்டிய மேல்மாடி அறையும் அதே ரகம்.

ரத்தம் குடிக்கும் பெண்ணைப் பற்றிய ‘கார்மில்லா’ கதையில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. உள்ளே தாழிட்ட அறையிலிருந்தே மாயமாகிறவளுக்குப் பூட்டு எம்மாத்திரம்! அங்கே பழைய உருவப்படத்தையும் அவளுடைய கார்ன்ஸ்டைன் குடும்பக் கல்லறையையும் பின்தொடருங்கள்.