ஃபால் கலர்ஸ் பார்க்க எந்த நேஷனல் பார்க் போகலாம்? முதலில் தேதியைப் பிடியுங்கள்

நாங்கள் அமெரிக்கா வந்த முதல் வருடம் அம்மாவும் அப்பாவும் மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து மெய்ன் மாநிலத்தின் அகேடியா தேசியப் பூங்காவுக்குக் காரில் போனோம். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். நாங்கள் போனது நவம்பர் முதல் வாரம். கடலும் பாறையும் படத்தில் பார்த்தபடியே இருந்தன. மரங்களில்தான் இலை இல்லை. அம்மா விடுதி வாசலில் நனைந்து கிடந்த மேப்பிள் சருகுகளைக் கிளறி, சிவப்பு மங்காத ஒரு இலையை எடுத்து, முந்தானையால் துடைத்து, டைரிக்குள் வைத்துக்கொண்டார். இலையுதிர் காலத்தில் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறுவதைத்தான் இங்கே ஃபால் கலர்ஸ் என்கிறார்கள். அந்தப் பயணத்தில் அவர் பார்த்த ஃபால் கலர் அந்த இலை ஒன்றுதான்.

நாங்கள் பூங்காவைத் தப்பாகத் தேர்ந்தெடுக்கவில்லை. தேதிதான் தப்பு. முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் பேர்பெற்ற பூங்கா ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, அப்புறம் லீவு கிடைக்கும் நாளை அதில் பொருத்தப் பார்க்கிறார்கள். இலையுதிர் காலத்துக்கு மட்டும் இதைத் திருப்பிப் போட வேண்டும்.

படி 1: உங்களால் போக முடிந்த நாட்களை எழுதுங்கள்

செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை காலண்டரை எடுத்து, போகவே முடியாத நாட்களை முதலில் அடித்துவிடுங்கள். பிள்ளைகளின் பள்ளி, அலுவலக வேலை, வீட்டில் கொலு வைத்தால் அந்த ஒன்பது நாள், தீபாவளி. மிச்சம் இரண்டு மூன்று வார இறுதிகள்தான் தேறும்.

அக்டோபர் இரண்டாம் திங்களில் வரும் கொலம்பஸ் டே லாங் வீக்கெண்டை முடிந்தால் விட்டுவிடுங்கள். கிழக்குக் கரையில் எல்லோரும் கிளம்புவது அன்றைக்குத்தான். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, வியாழன் மாலை கிளம்பி வெள்ளியன்று சுற்றினால் பாதிக் கூட்டம்கூட இருக்காது.

படி 2: அந்தத் தேதிக்கு எங்கே நிறம் என்று பாருங்கள்

இலை ஏன் நிறம் மாறுகிறது என்று தெரிந்தால் இந்தப் படி சுலபம். பகல் குறையக் குறைய மரம் பச்சையம் உண்டாக்குவதை நிறுத்துகிறது. பச்சை கலைந்ததும் அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி ஒளிந்திருப்பது அல்ல. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருக்கும் நாட்களில், இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து அது புதிதாக உண்டாகிறது. அதனால்தான் மஞ்சள் வருடா வருடம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க, சிவப்பு ஒரு வருடம் கொழுந்துவிட்டு எரிகிறது, மறு வருடம் மங்கிப்போகிறது.

அட்டவணை போல மனதில் வைத்துக்கொள்ள:

செப்டம்பர் கடைசி இரண்டு வாரம் என்றால் மேற்கே மலைகள். கொலராடோவின் ராக்கி மவுண்டன், வயோமிங்கின் கிராண்ட் டீட்டன். அங்கே ஆஸ்பென் மரங்கள் பொன் மஞ்சளாக நிற்கும். எல்க் மான்கள் துணை தேடிக் கத்தும் காலமும் அதுதான். மாலையில் அந்தக் குரல் புல்லாங்குழலை உச்சத்தில் ஊதினாற்போலக் கேட்கும்.

அக்டோபர் நடுவில் அகேடியா. நடுவிலிருந்து கடைசி வரை வர்ஜீனியாவின் ஷெனண்டோவா, மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவர் கார்ஜ், ஓஹையோவின் கயஹோகா வேலி. மொன்டானாவின் கிளேஷியர் பூங்காவில் லார்ச் என்ற ஊசியிலை மரம் அக்டோபர் நடுவில் மஞ்சளாகி உதிர்கிறது. ஊசியிலை மரம் இலை உதிர்ப்பதை அங்கே போய்த்தான் முதலில் பார்த்தேன்.

அக்டோபர் முடிந்து நவம்பர் தொடங்கிவிட்டதா? யூட்டாவின் ஸயான் இருக்கிறது. செம்பாறைப் பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றோரக் காட்டன்வுட் மரங்கள் அப்போதுதான் மஞ்சளாகும். அன்றைக்கு நாங்கள் இதைத் தெரிந்து விமானம் ஏறியிருந்தால் அம்மா மரத்திலேயே பார்த்திருப்பார்.

எல்லா இடமும் சிவக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கே பெரும்பாலும் மஞ்சள். சிவப்பு வேண்டுமென்றால் மேப்பிள் நிறைந்த வடகிழக்குதான். ஷெனண்டோவாவில் ஓக்கும் ஹிக்கரியும் அதிகம், அதனால் மஞ்சள், ஆரஞ்சு, துரு நிறம். இடையிடையே மேப்பிளும் பிளாக் கம் மரமும் சிவப்பைத் தூவும்.

படி 3: தேதியில் சந்தேகமா? உயரம் உள்ள பூங்காவாகப் பாருங்கள்

ஊட்டி மலை ஏறும்போது கீழே வேர்வையும் மேலே ஸ்வெட்டருமாக இருக்கிறதே, அதே கணக்குதான். ஆயிரம் அடி ஏறினால் சுமார் மூன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். அதனால் மலை உச்சியில் முதலில் நிறம் மாறி, வாரம் வாரமாக அடிவாரத்துக்கு இறங்கி வரும்.

டென்னசி, வட கரோலினா எல்லையில் உள்ள கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் இதற்குச் சரியான இடம். பூங்காவின் தாழ்ந்த பகுதி சுமார் 875 அடி. உச்சி குவோஹி, 6,643 அடி. கிளிங்மன்ஸ் டோம் என்று நீங்கள் கேள்விப்பட்ட அதே சிகரம்தான். செரோக்கி என்ற பூர்வகுடி மக்கள் வழங்கிவந்த பெயரை 2024இல் மீட்டுக் கொடுத்தார்கள். செப்டம்பர் கடைசியில் உச்சியில் தொடங்கும் நிறம் நவம்பர் தொடக்கத்தில்தான் அடிவாரத்தில் முடிகிறது. ஒரு வாரம் முன்னே பின்னே ஆனாலும், காரை ஏற்றியோ இறக்கியோ நிறம் இருக்கும் உயரத்தைப் பிடித்துவிடலாம். தேதியை நகர்த்தவே முடியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பூங்காவைத்தான்.

கடலோரமாக இருக்கும் அகேடியாவில் இந்த வசதி இல்லை. மிக உயர்ந்த கேடிலாக் மலையே 1,530 அடிதான்.

படி 4: காரில் யார் வருகிறார்கள்?

இரண்டு நாள் பயணம் என்றால் ஒரு பக்கம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து ஷெனண்டோவாவின் வடக்கு வாசல் அந்த அளவுக்குள் வரும். ஸ்மோக்கிக்குப் பதினோரு மணி நேரம் ஆகும், அதற்கு நான்கு நாளாவது வேண்டும்.

பெற்றோருக்கு முழங்கால் வலி இருந்தால் நடைப்பயணப் பூங்காவை விட, சாலையிலிருந்தே காட்சி கிடைக்கும் பூங்கா நல்லது. ஆனால் அந்தச் சாலைகள் வளைந்து வளைந்து போகும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் சின்னவளுக்கும் குமட்டும். காலை வெறும் இட்லியோடு நிறுத்திக்கொண்டு, அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்துவிடுவேன்.

படி 5: கட்டணமும் முன்பதிவும்

ஷெனண்டோவாவுக்கு ஒரு காருக்கு 30 டாலர், அகேடியாவுக்கு 35. இரண்டும் ஏழு நாளுக்குச் செல்லும். வருடத்தில் மூன்று பூங்காவாவது போவீர்கள் என்றால் 80 டாலர் ஆண்டுப் பாஸ் வாங்கிவிடலாம். ஸ்மோக்கிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் 15 நிமிடத்துக்கு மேல் காரை நிறுத்தினால் பார்க்கிங் டேக் வேண்டும், ஒரு நாளுக்கு 5 டாலர்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள் என்றால் இதைக் கவனியுங்கள். 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு ஆண்டுப் பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாமல் போனால், அகேடியா, ராக்கி மவுண்டன், கிராண்ட் டீட்டன், கிளேஷியர், ஸயான் உட்பட 11 பூங்காக்களில் 16 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் 100 டாலர் கூடுதல். ஷெனண்டோவாவும் ஸ்மோக்கியும் அந்தப் பட்டியலில் இல்லை. விதிகள் மாறுகின்றன, டிக்கெட் போடும் முன் தேசியப் பூங்கா சேவையின் தளத்தில் அந்தந்தப் பூங்காவின் பக்கத்தைத் திறந்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.

அகேடியாவில் கேடிலாக் மலை மேல் காரில் ஏற, மே கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை தனியாக முன்பதிவு வேண்டும். இடங்களில் 30 சதவீதத்தை 90 நாள் முன்னதாகவும், மீதி 70 சதவீதத்தை இரண்டு நாள் முன்பு காலை 10 மணிக்கும் திறக்கிறார்கள். முதல் வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம், பெரும்பங்கு கடைசி இரண்டு நாளில்தான் வருகிறது.

படி 6: இதை வைத்து ஒரு பயணத்தைப் போட்டுப் பார்ப்போம்

எடிசனில் ஒரு குடும்பம். அக்டோபர் மூன்றாம் வாரம், இரண்டு நாள், வயதான பெற்றோர், ஆறு வயதுப் பிள்ளை. தேதிக்கும் தூரத்துக்கும் முழங்காலுக்கும் கட்டணத்துக்கும் பொருந்துவது ஷெனண்டோவா.

இந்தப் பூங்காவின் முதுகெலும்பு ஸ்கைலைன் டிரைவ் என்ற 105 மைல் மலைச்சாலை. வேகம் மணிக்கு 35 மைலுக்கு மேல் கூடாது. எங்கும் நிற்காமல் போனாலே மூன்று மணி நேரம். முழுச் சாலையையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். வடக்கே ஃபிரண்ட் ராயல் வாசலில் நுழைந்து 51ஆம் மைலில் உள்ள பிக் மெடோஸ் வரை போய், வந்த வழியே 31ஆம் மைலை ஒட்டிய தார்ன்டன் கேப் வாசலுக்குத் திரும்பி வெளியே வந்தால் போதும்.

சாலையோரம் மைல்கற்கள் நிற்கும். பூங்காவில் எந்த இடத்துக்கும் விலாசம் அந்த எண்தான், அதை வைத்தே திட்டம் போடுங்கள். 32ஆம் மைலில் மேரீஸ் ராக் சுரங்கம், மலையைக் குடைந்து 600 அடிக்கும் மேல் போகும். 41.7இல் ஸ்டோனி மேன் பாதை, போய்வர 1.6 மைல், ஆறு வயதுப் பிள்ளை தாராளமாக ஏறும். 43இல் லிம்பர்லாஸ்ட், சக்கர நாற்காலியே போகக்கூடிய சமமான 1.3 மைல் சுற்று. நான் பிள்ளையோடு ஸ்டோனி மேன் ஏறிய நேரத்தில் அப்பாவும் அம்மாவும் லிம்பர்லாஸ்டில் மெதுவாக நடந்து முடித்திருந்தார்கள்.

சாலை மலைமுகட்டில் ஓடுவதால் வியூ பாயிண்ட்கள் இரு பக்கமும் இருக்கின்றன. காலையில் கிழக்குப் பக்கம் பார்ப்பவற்றிலும், மதியத்துக்குமேல் மேற்கே ஷெனண்டோவா பள்ளத்தாக்கைப் பார்ப்பவற்றிலும் நிறுத்துங்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது சரிவு முழுவதும் அடுப்புக் கங்கு மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒரு இலையைச் சூரியனுக்கு நேரே நிமிர்ந்து பார்த்தால் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்றதெல்லாம் மஞ்சளாகவும் தெரியும். பச்சையம் கடைசியாக விட்டுப்போகும் இடம் நரம்போரம்.

படி 7: கடைசி வாரம்

பூங்காக்களே பருவத்தில் நிற நிலவரம் போடுகின்றன, நேரலை வெப்கேமராவும் பல இடங்களில் உண்டு. கிளம்பும் இரண்டு நாள் முன்பு பாருங்கள். நிறம் இன்னும் கீழே இறங்கவில்லை என்றால் மேலே அதிக நேரம், உச்சியில் உதிர்ந்துவிட்டது என்றால் அடிவாரத்தில் அதிக நேரம். மேற்கு மலைகளுக்குப் போகிறவர்கள் சாலை நிலவரத்தையும் பார்க்க வேண்டும். ராக்கி மவுண்டனின் டிரெயில் ரிட்ஜ் சாலை 12,183 அடி வரை ஏறுகிறது, வழக்கமாக அக்டோபர் நடுவில் பனியால் மூடிவிடுகிறார்கள்.

வரைபடத்தை ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலை மேல் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். பெட்ரோலை வாசலுக்கு வெளியே உள்ள ஊரிலேயே நிரப்புங்கள். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தையும் மிச்சத்தையும் மேசையில் விடாமல் உடனே காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். ஷெனண்டோவாவிலும் ஸ்மோக்கியிலும் கருங்கரடிகள் இருக்கின்றன. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி ஆட்களை நெருங்க ஆரம்பித்துவிடும், கடைசியில் அதன் உயிருக்கே ஆபத்து.

அக்டோபர் நடுவில் ஷெனண்டோவாவில் ஆறரை மணிவாக்கில் சூரியன் மறைகிறது, அகேடியாவில் ஆறுக்கு முன்பே. மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே மேற்கு பார்த்த ஒரு வியூ பாயிண்டில் காரை நிறுத்தி, பெரியவர்களுக்குச் சால்வையும் ஃபிளாஸ்க்கில் காபியும் எடுத்து வையுங்கள். இருட்டியபின் மான்கள் குறுக்கே வரும், இறங்கும்போது முப்பதிலேயே ஓட்டுங்கள்.