ஐந்தே உணவுகளில் நிற்கும் குழந்தைக்கு ஆறாவது உணவு

ஆட்டிசம் உள்ள குழந்தை நாள்தோறும் அதே நான்கைந்து உணவுகளை மட்டும் கேட்டால், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வதுண்டு. ஆனால் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே, அவர் கவனித்த குழந்தைகளில் பலர் கைக்குழந்தைப் பருவத்திலேயே உண்ண மறுத்தது பதிவாகியிருக்கிறது. மணம், நிறம், சூடு, வாயில் படும் பதம் ஆகியவற்றை இக்குழந்தைகள் மற்றவர்களைவிடப் பன்மடங்கு கூர்மையாக உணரலாம். நமக்கு ஆப்பிள் என்பது ஒரே பழம்; இக்குழந்தைக்கோ நேற்று மொறுமொறுப்பாக இனித்ததும் இன்று மாவு போல் புளிப்பதும் வெவ்வேறு பொருள்கள். பொட்டலத்தில் வரும் பிஸ்கட் மட்டுமே என்றைக்கும் ஒன்றுபோல் இருக்கிறது. அதையே நாடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்ற வேலைகள் கைகூடும்.

எதையும் மாற்றும் முன் மருத்துவரைப் பாருங்கள். மலச்சிக்கல், வயிற்றிலிருந்து எதுக்களித்தல், சொத்தைப் பல், பசியைக் குறைக்கும் மருந்துகள் ஆகியவற்றுள் ஒன்று மறைந்திருந்தால் சாப்பாட்டு மேசையில் செய்யும் முயற்சி எதுவும் பலிக்காது. பல நாளாக மலம் கட்டியிருக்கும் குழந்தைக்குப் பசி எப்படி வரும்? எடையும் உயரமும் சரியாக இருப்பதே போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். பழமும் காயும் அறவே இல்லாத உணவால் வைட்டமின் சி குறைந்து ஈறுகளில் இரத்தம் கசிவதும், கால் வலியால் குழந்தை நடக்க மறுப்பதும் நேர்ந்திருக்கின்றன. இரும்புச்சத்து, வைட்டமின் ஏ, வைட்டமின் டி ஆகியவையும் குறையக்கூடும். எடை இறங்குவது, இருந்த உணவுகளும் ஒவ்வொன்றாகக் கழிவது, நீர் அருந்தவும் மறுப்பது ஆகியவை தென்பட்டால் காத்திருக்கக் கூடாது. இத்தகைய கடுமையான நிலைக்கு ‘ஆர்ஃபிட்’ (ARFID, உணவைத் தவிர்க்கும் கோளாறு) என்ற பெயரில் 2013 முதல் தனி நோயறிதலே உண்டு.

‘பசித்தால் தானாகச் சாப்பிடும்’ என்ற அறிவுரையைப் பின்பற்றாதீர்கள். பசி என்ற உடற்குறிப்பையே சரியாக உணராத குழந்தைகள் இவர்களுள் உண்டு. பட்டினி அவர்களை அச்சப்படுத்துமே தவிர, உண்ணத் தூண்டாது.

முதல் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். என்ன உண்டது என்பதோடு, அது எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, என்ன வடிவம், சூடாக இருந்ததா, எந்தத் தட்டில் இருந்தது, அப்போது மிக்ஸி ஓடியதா என்பது வரை குறியுங்கள். ஏழாம் நாள் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு புலப்படும்: எல்லாம் வெளிர்நிறமானவை, உலர்ந்தவை, கடித்தால் சத்தம் வருபவை என்பதுபோல. அந்த ஒழுங்குதான் அடுத்த உணவுக்கு வழிகாட்டி.

அதே வாரத்தில் நேரத்தையும் சீர்செய்துகொள்ளலாம். இரண்டரை முதல் மூன்று மணி நேர இடைவெளியில் உணவு, நடுவே தண்ணீர் மட்டும் என்று வைத்துக்கொண்டால் பசிக்கு ஒரு தாளம் கிடைக்கும். நாளெல்லாம் பால் குடிக்கும் குழந்தைக்குச் சாப்பாட்டில் நாட்டம் இராது. பால் மிகுந்தால் இரும்புச்சத்தும் குறையும் என்பதால், சுமார் அரை லிட்டருக்குள் நிறுத்த முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாற்காலியில் கால்கள் தொங்காமல் பாதம் ஊன்றும்படி ஒரு பலகை வையுங்கள். உடலை நிமிர்த்திப் பிடிப்பதிலேயே சக்தி செலவாகும் குழந்தையால் மெல்லுவதில் கவனம் செலுத்த முடியாது.

புதிய உணவை வானத்திலிருந்து இறக்காமல், ஏற்கெனவே உண்ணும் ஒன்றிலிருந்து ஒட்டிக்கொண்டே நகர்த்த வேண்டும். விரல் நீளத்தில் வறுத்த உருளைக்கிழங்கைக் குழந்தை உண்கிறது என்று கொள்வோம். முதலில் அதே கிழங்கைச் சற்றே தடிமனாக நறுக்கி வறுங்கள், ஏற்றுக்கொண்ட சில நாட்களுக்குப் பின் வறுப்பதற்குப் பதிலாக அடுப்பில் சுட்டுக் கொடுங்கள், பிறகு அதே நீளத்தில், அதே மொறுமொறுப்பில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அதன்பின் கேரட். ஒரு சமயத்தில் ஒரு பண்பை மட்டுமே மாற்ற வேண்டும். நிறமும் பதமும் ஒன்றாக மாறினால் அது குழந்தையின் கண்ணுக்கு அறிமுகமே இல்லாத பொருள்தான். ஒரு படியைக் கடக்க வாரக்கணக்கில் ஆகலாம். நடுவில் நின்றுபோனால் படி பெரிதாகிவிட்டது என்று பொருள், அதை இரண்டாக உடையுங்கள்.

இந்தப் புதிய துண்டைப் பிடித்த உணவோடு சேர்த்து வைக்காமல் பக்கத்தில் ஒரு சிறு தட்டில், பட்டாணி அளவுக்கு வையுங்கள். தட்டு மேசையில் இருப்பதைப் பொறுத்துக்கொள்வதே முதல் வெற்றி. பிறகு தொடுதல், முகர்தல், உதட்டில் வைத்தல், நக்குதல், கடித்துத் துப்புதல் என்று வரும். துப்ப ஒரு கிண்ணம் கொடுத்துவிடுங்கள். வெளியேற வழி உண்டு என்று தெரிந்த குழந்தைதான் வாய்க்குள் வைக்கத் துணியும். ஓங்கரித்தால் பதறாமல் இருங்கள்; சத்தமும் இருமலும் வரும்வரை காற்று போகிறது. சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால் அது மூச்சடைப்பு. உடனே முதலுதவி தேவை. அதைச் செய்யும் முறையை முன்கூட்டியே கற்றுவைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்த உணவுக்குள் காயையோ மருந்தையோ ஒளிக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் அந்த உணவும் போய்விடும், நான்கு மூன்றாகும். ‘இதைச் சாப்பிட்டால் சாக்லேட்’ என்பதும் என் கணக்கில் நட்டமே, ஏனெனில் அது காயைத் தண்டனையாகவும் சாக்லேட்டைப் பரிசாகவும் நிலைநிறுத்திவிடுகிறது. தொட்டதற்குப் பாராட்டோ, விருப்பமான விளையாட்டோ கொடுப்பது வேறு. கோதுமைப் புரதத்தையும் பால் புரதத்தையும் விலக்கினால் ஆட்டிசம் குறையும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. ஒவ்வாமை முதலிய மருத்துவக் காரணம் இல்லாதபோது, ஐந்து உணவுகளே உள்ள குழந்தையிடமிருந்து மேலும் இரண்டைப் பறிப்பது விபரீதம்.

இருப்பதைக் காப்பதும் அதே அளவுக்கு முக்கியம். ஒரே உணவை ஒரே வடிவில் தினமும் மூன்று வேளை உண்ணும் குழந்தை ஒருநாள் அதை அடியோடு வெறுத்துவிடுவதுண்டு. ஆகவே முடிந்தவரை இரண்டு மூன்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். நிறுவனம் உறையின் நிறத்தை மாற்றினால் பழைய உறையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, குழந்தையையே பிரிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று மாதம் முயன்றும் துளி அசைவு இல்லை என்றால், மெல்லுவதிலோ விழுங்குவதிலோ சிக்கல் இருக்கிறதா என்று ஸ்பீச் தெரபிஸ்ட் பார்க்க வேண்டும்; புலனுணர்வுச் சிக்கல்களுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அவர்களிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

காய்ச்சல், வீடு மாறுதல், நீண்ட பயணம் ஆகியவற்றுக்குப் பின் கற்றது பாதி உதிர்ந்துபோவது வழக்கம். அப்போது ஓரிரு வாரம் பழைய உணவுகளை மட்டும் கொடுத்துவிட்டு, விட்ட படிக்கு இரண்டு படி கீழிருந்து மறுபடி தொடங்குங்கள்.