தடைக்காலத்தில் பாம்பன் பக்கம் போனால்

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அதற்காக மீனே கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். பாம்பன், மண்டபம் பக்கம் நாட்டுப்படகு மீன் வரும். கொஞ்சம்தான், ஆனால் ருசியே தனி.

ஊருக்குக் கொண்டுவர நெத்திலிக் கருவாடுதான் என் தேர்வு. ஒன்றை வளைத்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் நன்றாகக் காய்ந்தது. துவண்டால் வாங்காதீர்கள், வழியிலேயே வாடை மாறிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒருநாள் வெயில் காட்டுங்கள்.

குழம்பு வைக்கும்போது கருவாட்டின் தலையைக் கிள்ளி, வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு, மணல் போக நாலு தண்ணீர் அலசுங்கள். தடைக்காலம் மாங்காய்க் காலமும்கூட, அதையும் சேர்ப்பதால் புளியைப் பாதியாக்குங்கள். குழம்பு கொதித்ததும் மாங்காய். அது முக்கால் வெந்ததும் கருவாடு. உப்பு கடைசியில், ருசி பார்த்த பிறகுதான். மறுநாள் பழைய சோற்றுக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள்!