மதுரைக் கண்மாய்கள் வங்கக் கடலில் மிதந்த கதை: அறிக்கைக்கு மேப் செய்பவர்களுக்கு ப்ரொஜெக்‌ஷன் பாடம்

கண்மாய்களைப் பற்றிய ஓர் அறிக்கைக்கு மேப் போட்டுக்கொண்டிருந்தேன். மதுரைப் பக்கம் கண்மாய்களின் எல்லைகளை ஒரு தம்பி வரைந்து அனுப்பியிருந்தான். அதை என் ஃபைலோடு சேர்த்து, முதல் வரைவை அவனுக்கே திருப்பி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன்: "என்னண்ணே, நம்ம கண்மாயெல்லாம் கடலுக்குள்ள போயிருச்சு?"

பார்த்தால் நிஜம்தான். எல்லாக் கண்மாயும் இலங்கையையும் தாண்டி, வங்கக் கடலுக்கு நடுவே மிதந்தன. சரியான இடத்திலிருந்து கிழக்கே சுமார் 650 கிலோமீட்டர். இந்தத் தப்பு கண்ணில் பட்டதால் பிழைத்தேன். ப்ரொஜெக்‌ஷன் செய்யும் தப்புகளில் பெரும்பாலானவை இப்படிக் கண்ணில் படாது. மேப் அழகாகத்தான் இருக்கும், அதிலிருந்து எடுக்கிற கணக்குதான் தப்பாக இருக்கும்.

வேர்டிலோ பிடிஎஃபிலோ போகப்போகும் ஒரு மேப்பை முதல்முறையாகச் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலவச மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸை வைத்துச் சொல்கிறேன். வேறு எதில் செய்தாலும் விஷயம் இதேதான்.

முதலில் ஒரு கொட்டாங்கச்சி

ஒரு கொட்டாங்கச்சியைத் தரையில் கவிழ்த்து வைத்து மிதியுங்கள். தட்டையாக விரியாது, உடையும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவரும்போதும் இதே கதை. எங்கோ இழுக்க வேண்டும், எங்கோ நசுக்க வேண்டும், எங்கோ கிழிக்க வேண்டும். எதுவும் கெடாமல் விரிக்க வழியே கிடையாது என்று ஜெர்மன் கணிதமேதை காஸ் 1827-லேயே கணிதத்தில் நிரூபித்துவிட்டார். எதைக் கெடுத்து எதைக் காப்பாற்றுவது என்பதற்கான ஒப்பந்தம்தான் ப்ரொஜெக்‌ஷன். நம் பள்ளிப் புத்தகத்தில் கோட்டுச்சட்டம் என்றிருக்கும், இலங்கையில் எறியம் என்பார்கள். இங்கே பேச்சுவழக்குப்படி ப்ரொஜெக்‌ஷன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அதனால் மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: உங்கள் அறிக்கையைப் படிப்பவர் இந்த மேப்பை வைத்து என்ன செய்யப்போகிறார்? இந்த மாவட்டம் பெரிது, அது சின்னது என்று ஒப்பிடப் போகிறாரா? இங்கிருந்து அங்கே எவ்வளவு தூரம் என்று பார்க்கப் போகிறாரா? வெறுமனே "இது எங்கே இருக்கிறது" என்று தெரிந்தால் போதுமா? மூன்றாவது என்றால் எந்த ப்ரொஜெக்‌ஷனும் ஓடும், நிம்மதியாக இருங்கள். முதல் இரண்டு என்றால் மேலே படியுங்கள்.

படி 1: கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

க்யூஜிஐஎஸ்ஸில் கீழே வலது மூலையில் இபிஎஸ்ஜி என்று ஆரம்பித்து ஓர் எண் இருக்கும். அது மேப்பின் ப்ரொஜெக்‌ஷன். ஒவ்வொரு லேயருக்கும், அதாவது மேப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும், தனியாக ஒன்று உண்டு. லேயர் பெயர்மேல் மவுஸைக் கொஞ்சம் நிறுத்தினால் தெரியும்.

அந்த எண்ணை நம்பாமல், புள்ளிகளின் எண்களையும் ஒரு முறை பார்த்துவிடுவது என் பழக்கம். மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். 78.12, 9.92 என்றிருந்தால் அது வெறும் டிகிரி, அதாவது இபிஎஸ்ஜி எண் 4326. போன் ஜிபிஎஸ், கூகுள் எர்த்தின் கேஎம்எல் ஃபைல் எல்லாம் இப்படித்தான் வரும். 86,96,000 என்று ஏழு இலக்கத்தில் ஆரம்பித்தால் இணைய மேப்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர், அதாவது 3857. கிழக்கு எண் ஆறு இலக்கத்திலும் வடக்கு எண் ஏழு இலக்கத்திலும், உதாரணமாக 1,84,000, 10,98,000 என்று இருந்தால் பெரும்பாலும் யூடிஎம் (படி 2-இல் விளக்குகிறேன்). நாலைந்து முறை பார்த்தால் எண்ணின் முகத்தைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம்.

படி 2: லேபிளை மாற்றுவது வேறு, சரக்கை மாற்றுவது வேறு

என் கண்மாய்கள் கடலுக்குப் போனது இங்கேதான்.

யூடிஎம் முறையில் பூமியை 6 டிகிரி அகலமுள்ள பட்டைகளாக வெட்டியிருக்கிறார்கள். 72 முதல் 78 டிகிரி கிழக்கு வரை 43-ஆம் பட்டை, 78 முதல் 84 வரை 44-ஆம் பட்டை. அந்த 78 டிகிரிக் கோடு தமிழ்நாட்டை நடுவே பிளந்துகொண்டு போகிறது. திண்டுக்கல் கோட்டுக்கு மேற்கே ஒரு முடி அளவில், மதுரையும் சேலமும் கிழக்கே ஒரு முடி அளவில். கோயம்புத்தூர் 43-இல், சென்னை 44-இல்.

தம்பி 43-இல் வரைந்திருந்தான். ஒவ்வொரு பட்டையிலும் நடுக்கோட்டுக்கு 5,00,000 மீட்டர் என்று வைத்துத்தான் கிழக்கு எண் ஓடும். 43-இன் நடுக்கோடு 75 டிகிரி, 44-க்கு 81. அதனால் மதுரைக்கு 43-இல் சுமார் 8,42,000, 44-இல் சுமார் 1,84,000. என் வேலை முழுக்க 44-இல் இருந்தது. நான் என்ன செய்தேன்? அவன் லேயரை ரைட் கிளிக் செய்து, "செட் லேயர் சிஆர்எஸ்" போட்டு (சிஆர்எஸ் என்றால் ப்ரொஜெக்‌ஷன் அமைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்) 44 என்று மாற்றினேன். எண்கள் 8,42,000 ஆகவே இருந்தன, மேலே ஒட்டியிருந்த சீட்டு மட்டும் மாறியது. 44-இல் 8,42,000 என்றால் 84 டிகிரியையும் தாண்டி, நட்டநடுக் கடல்.

"செட்" என்பது அரிசி மூட்டையில் "பருப்பு" என்று எழுதுவது. ஃபைல் எந்தச் சீட்டும் இல்லாமல் வந்து, அது உண்மையில் எது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். மாற்ற வேண்டுமென்றால் "எக்ஸ்போர்ட்" போய் "சேவ் ஃபீச்சர்ஸ் ஆஸ்" கொடுத்து, அங்கே புது ப்ரொஜெக்‌ஷனைத் தேர்ந்தெடுத்துப் புது ஃபைலாகச் சேமியுங்கள். அப்போதுதான் எண்களே மாறும். பார்வைக்கு மட்டும் வேண்டுமென்றால் அதுகூட வேண்டாம். கீழே வலது மூலையில் மேப்பின் ப்ரொஜெக்‌ஷனை மாற்றினால் எல்லா லேயரும் தானாக வந்து பொருந்தும்.

படி 3: இடத்துக்கும் வேலைக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்

இணைய மேப்பை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அது வெப் மெர்கேட்டர். அதன் மூலத்தை மெர்கேட்டர் என்ற மேப் வரைஞர் 1569-இல் மாலுமிகளுக்காக வரைந்தார். திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போனால் மேப்பில் அது நேர்கோடாக விழ வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. இணைய மேப்காரர்களுக்கும் அது வசதி, தெருமுனைகள் கோணாமல் இருக்கும். அதற்கான விலையைப் பரப்பளவு கொடுக்கிறது. 60 டிகிரி அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. கிரீன்லாந்தைவிட ஆப்பிரிக்கா ஏறக்குறைய 14 மடங்கு பெரியது, ஆனால் மெர்கேட்டரில் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும். இது எல்லோரும் சொல்லும் உதாரணம்.

நமக்கு நெருக்கமான உதாரணம் இந்தியாவுக்குள்ளேயே இருக்கிறது. கன்னியாகுமரி 8 டிகிரியில், லடாக்கின் லே 34 டிகிரியில். வெப் மெர்கேட்டரில் கன்னியாகுமரியோடு ஒப்பிட்டால் லே பக்கத்து நிலம் 43 சதவீதம் ஊதித் தெரியும். மாநில வாரியாக வண்ணம் தீட்டிய மேப்பில், வடக்கே இருக்கும் நிறம்தான் நாட்டையே நிரப்புவதுபோல் கண்ணுக்குப் படும். ஆயிரம் பேருக்கு ஒரு புள்ளி என்று வைத்து மக்கள்தொகை மேப் போட்டால் இன்னும் மோசம். ஊதிய இடத்தில் புள்ளிகள் விலகி, நெரிசல் குறைவு என்று பொய் சொல்லும்.

இந்தியா முழுக்க என்றால் கீழே வலது மூலை எண்ணைச் சொடுக்கி, வரும் தேடல் பெட்டியில் 7755 என்று தேடுங்கள். இந்தியாவுக்கென்றே வைத்திருக்கும் லேம்பர்ட் கூம்பு ப்ரொஜெக்‌ஷன் அது. இதுவும் பரப்பைத் துல்லியமாகக் காப்பாற்றாது. நடுவில் கொஞ்சம் சுருங்கும், தென்முனையில் கொஞ்சம் விரியும், இரண்டும் ஏறக்குறைய 4 சதவீதத்துக்குள். 43 எங்கே, 4 எங்கே. ஏ4 தாளில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. அதுவும் கூடாது, பரப்பு அட்சரம் பிசகாமல் வேண்டும் என்றால் ஆல்பர்ஸ் சமபரப்பு இருக்கிறது. அதைக் கைப்பட அமைக்க வேண்டியிருக்கும், நிலையான அட்சரேகைகளாக 13, 32 என்று கொடுத்தால் இந்தியாவுக்கு நன்றாக உட்காரும்.

தமிழ்நாடு மட்டும் என்றால் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் தமிழ்நாடு என்று அடியுங்கள், மாநிலத்துக்கென்றே ஒன்று வரும். இல்லாவிட்டால் 44-ஆம் பட்டை யூடிஎம், அதாவது 32644-ஐயே முழு மாநிலத்துக்கும் போடுங்கள். பட்டை தாண்டுகிறதே என்று பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூரில் அதனால் வரும் பிழை கிலோமீட்டருக்கு 2 மீட்டர். நில அளவை செய்பவர் கவலைப்படட்டும், படம் போடுகிற நமக்கு அது ஒன்றுமே இல்லை. ஒரே மேப்பில் 43-ஐயும் 44-ஐயும் கலப்பதுதான் ஆபத்து.

இலங்கைக்கு இந்தத் தலைவலி இல்லை, முழுத் தீவும் 44-க்குள் அடங்கிவிடும். இலங்கைக்கென்று 5235-உம் இருக்கிறது. உலக மேப் என்றால் 2018-இல் வந்த ஈக்குவல் எர்த், எண் 8857. பரப்பு சரியாக இருக்கும், பரப்பைக் காப்பாற்றி வடிவத்தைக் கெடுக்கும் பீட்டர்ஸ் மேப்போல ஆப்பிரிக்கா துவைத்துக் கொடியில் தொங்கப்போட்டது மாதிரித் தெரியாது.

படி 4: பரப்பையும் தூரத்தையும் மேப்பிலிருந்து எடுக்காதீர்கள்

தமிழ்நாட்டின் பரப்பு 1,30,060 சதுர கி.மீ. எல்லை ஃபைல் 4326-இல் இருக்கும்போது, ஃபீல்ட் கால்குலேட்டரில் area($geometry) என்று போட்டால் 11-க்குக் கொஞ்சம் குறைவாக ஓர் எண் வரும். பதினொன்று என்ன? சதுர டிகிரி! அதை வைத்து ஊறுகாய்கூடப் போட முடியாது. 3857-இல் போட்டால் இன்னும் கெடுதல், ஏனென்றால் 1,35,000-க்கு மேலே ஒரு நம்பும்படியான எண் வரும். 4 சதவீதம் கூடுதல், யாரும் கேட்க மாட்டார்கள், அப்படியே அச்சுக்குப் போய்விடும்.

அதற்குப் பதில் $area என்று மட்டும் போடுங்கள். ப்ராஜெக்ட் அமைப்பில் எலிப்சாய்டு (பூமியின் சற்றே தட்டையான உருண்டை வடிவம்) தேர்வாகியிருந்தால், அது பூமியின் வளைவையே கணக்கில் எடுத்து அளக்கும், லேயர் எந்த ப்ரொஜெக்‌ஷனில் இருந்தாலும் சரி.

ஓர் இடத்தைச் சுற்றி வட்டம் போடும் பஃபரும் இதே பள்ளத்தில் விழும். 4326-இல் 5 என்று கொடுத்தால் 5 கி.மீ. இல்லை, 5 டிகிரி, அதாவது 550 கி.மீ. சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் போட்ட வட்டம் ஆந்திராவையும் கர்நாடகாவையும் விழுங்கிவிடும். 3857-இல் 5,000 மீட்டர் கொடுத்தால் வட்டம் ஒழுங்காகத் தெரியும், ஆனால் சென்னையில் அது நிஜத்தில் 4.87 கி.மீ., லேயில் 4.14 கி.மீ.தான். முதலில் யூடிஎம்முக்கு எக்ஸ்போர்ட், பிறகு பஃபர். வரிசை மாறக்கூடாது.

படி 5: தாளில் வைப்பது

ப்ரின்ட் லேஅவுட்டில் எல்லோரும் பழக்கதோஷத்தில் ஸ்கேல் பாரும் வடக்கு அம்புக்குறியும் வைப்பார்கள். இரண்டையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

வெப் மெர்கேட்டரில் இந்தியாவை வைத்து, நடுவே 22 டிகிரியில் 100 கி.மீ.க்குச் சரியாக ஒரு ஸ்கேல் பார் போட்டால், அதே பார் கன்னியாகுமரியில் 107 கி.மீ., லேயில் 89 கி.மீ. நாடு முழுக்கப் போகும் மேப்பை மெர்கேட்டரில்தான் போட வேண்டிய கட்டாயம் என்றால், ஸ்கேல் பாரை எடுத்துவிடுவதே நேர்மை.

7755-இல் ஸ்கேல் பார் பரவாயில்லை, ஆனால் அம்புக்குறி வழுக்கும். கூம்பு ப்ரொஜெக்‌ஷனில் தீர்க்கரேகைகள் விசிறிபோல விரியும். 80 டிகிரியில் வடக்கு நேர் மேலே. குஜராத்தின் மேற்கு முனையில் கிட்டத்தட்ட 5 டிகிரி சாய்ந்திருக்கும், அருணாசலத்தின் கிழக்கே மறுபக்கம் கிட்டத்தட்ட 7 டிகிரி. ஒரே அம்புக்குறி இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? அம்பை எடுத்துவிட்டு, மெல்லிய சாம்பல் நிறத்தில் 5 டிகிரிக்கு ஒரு ரேகை போடுங்கள். மாவட்ட அளவு மேப் என்றால் அம்பு இருக்கட்டும்.

1:30,00,000 என்று விகிதத்தை எழுத்தில் எழுதாதீர்கள். வேர்டில் ஒட்டியபிறகு யாராவது மூலையைப் பிடித்து இழுப்பார்கள். படம் சின்னதாகும், எழுத்து அப்படியே நின்று பொய் சொல்லும். ஸ்கேல் பார் என்றால் படத்தோடு சேர்ந்து சுருங்கும், தப்பு வராது. மூலைக்குப் பதில் பக்கவாட்டுப் பிடியை இழுத்தால் மட்டும் எதுவும் காப்பாற்றாது. அதுவரை நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ப்ரொஜெக்‌ஷன் அந்த ஒரு இழுப்பில் போய்விடும். அதனால் வேர்டில் எந்த அகலத்தில் உட்காரப்போகிறதோ அதே அகலத்தில் ஏற்றுமதி செய்யுங்கள். 16 செ.மீ. அகலம், 300 டிபிஐ என்றால் சுமார் 1,890 பிக்சல்.

மேப்பின் கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் ப்ரொஜெக்‌ஷன் பெயரையும் இபிஎஸ்ஜி எண்ணையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஃபைலைத் திறக்கப்போவது நீங்கள்தான்.

கடைசியாக ஒரு ஸ்கேல்

ஃபைலை அனுப்புவதற்கு முன் அந்த ஒரு பக்கத்தைப் பிரின்ட் எடுங்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு நேர்கோட்டில் சுமார் 420 கி.மீ. பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அந்த இரண்டு ஊருக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று அளங்கள், பிறகு ஸ்கேல் பாரை அளங்கள், வகுத்துப் பாருங்கள். 420-க்குப் பக்கத்தில் வந்தால் அனுப்பலாம். அதிலிருந்து நன்றாக விலகி வந்தால் எங்கோ இன்னும் 3857 உட்கார்ந்திருக்கிறதா, யாராவது பக்கவாட்டில் இழுத்துவிட்டார்களா என்று படி 1-க்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.