மடக்கு போன் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் செல்போன் சர்வீஸ் பார்க்கிறேன். மடக்கு போன் நம்ம ஊருக்கு வந்த புதிதில் இந்தத் தொழிலில் இருந்தவர்களே செய்த தவறுகளை, இப்போது புதிதாக வாங்குகிறவர்கள் அப்படியே செய்கிறார்கள். கீழே போடாதீர்கள், கவர் போடுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். "அண்ணே, வாங்கலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: திறந்தால் உள்ளே இருக்கும், மடங்குகிற உள் திரையைப் பற்றித் தெரிந்துகொண்டு வாங்கினால் கொடுத்த காசுக்கு உழைக்கும். தெரியாமல் வாங்கினால் காசு தண்டம்.

உள் திரையின் ஃபிலிமை உரிப்பது

எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிற தவறு இது. மடக்கு போனின் உள் திரைமேல் கம்பெனியே ஒரு ஃபிலிம் ஒட்டி அனுப்புகிறது. பார்க்க ஸ்கிரீன் கார்டு மாதிரிதான் இருக்கும், ஆனால் அது திரையோடு சேர்ந்த ஒரு அடுக்கு. 2019 ஏப்ரலில் சாம்சங் தன் முதல் கேலக்ஸி ஃபோல்டை விமர்சகர்களிடம் கொடுத்தபோது, சிலர் இதை ஸ்கிரீன் கார்டு என்று நினைத்து உரித்தார்கள், டிஸ்ப்ளே போய்விட்டது. அந்த மாதமே கடைக்கு வரவேண்டிய போன், அந்த அடுக்கின் ஓரங்களைத் திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்கு அடியில் மறைத்து, செப்டம்பரில்தான் வந்தது.

2020-ல் சாம்சங்கின் இசட் ஃப்ளிப்பில் மடங்கும் கண்ணாடி வந்தது. அதன் தடிமன் சுமார் 0.03 மில்லிமீட்டர். 'இப்பத்தான் கண்ணாடி வந்துருச்சே' என்று பலருக்குப் பயம் விட்டுப்போனது. அந்தக் கண்ணாடியைக் காப்பாற்றுவதே மேலே இருக்கும் ஃபிலிம்தான்.

நாளாக ஆக மடிப்பில் ஃபிலிம் குமிழ் விடும். முதலில் நூல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு, அப்புறம் ஓரம் தூக்கும். அங்கேதான் நகம் போகிறது. மேலூரிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த போனைத் திறந்தால், ஃபிலிம் பாதி உரிந்து சுருண்டு நிற்கிறது. மடிப்பை ஒட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பச்சைக் கோடு, அதன் கீழே மை கொட்டியதுபோல் கறுப்பு.

"பபிள் வந்துச்சுண்ணே, உரிச்சுட்டு வேற ஒட்டித் தர்றேன்னு கடையில சொன்னாங்க."

ஹீட் கன் வைத்துச் சூடு காட்டி இழுத்திருக்கிறார்கள். இதில் டிஸ்ப்ளேயை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை. சட்டம், கீல் எல்லாம் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அந்தப் பணத்துக்குச் சாதாரண போன் ஒன்று நல்லதாகவே வாங்கிவிடலாம். அவருக்கோ பழைய தவணையே இன்னும் முடியவில்லை. அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. தெரியாத வேலையைத் தெரியும் என்று ஒப்புக்கொண்டவர்மேல்தான் கோபம். 'உரிக்காதே' என்று எச்சரிக்கைத் தாளே பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கை வைத்திருக்கலாம்.

குமிழ் வந்தால் அதைத் தொடாமல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் ஃபிலிமை மாற்றச் சொல்லுங்கள். டிஸ்ப்ளே விலைக்கு முன்னால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

உள்ளே டெம்பர் கண்ணாடி ஒட்டுவது

கூடவே கூடாது. வெளித்திரைக்கு ஒட்டுங்கள், போதும்.

தண்ணீர் தாங்கினால் மண்ணும் தாங்கும் என்று நினைப்பது

சாம்சங்கின் ஃபோல்டு 6, ஃபோல்டு 7 இரண்டுக்கும் தூசு, தண்ணீர் தாங்கும் தரம் ஐபி48. இதில் முதல் எண் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 4 என்றால் 1 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகளை மட்டுமே தடுக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று பீய்ச்சும் தண்ணீரில் நனைந்தால் போன் பிழைத்துக்கொள்ளும். வைகைப் பொடிமணல் கீலுக்குள் போனால் திறக்கும்போதெல்லாம் நறநறக்கும். ஒரு துகள் உள் திரையின் இரண்டு பாதிக்கும் நடுவில் மாட்டினால் மூடும்போது குத்திவிடும். சட்டைப் பையில் விபூதிப் பொட்டலத்தோடு போனையும் போடுகிறவர்கள் நம்ம ஊரில் நிறைய. அந்தப் பழக்கத்தை விட முடியாதென்றால், 2025-ல் வந்த பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டு மாதிரி ஐபி68 உள்ளதாகப் பாருங்கள்.

போன் விலையை மட்டும் கணக்குப் போடுவது

2025-ல் ஃபோல்டு 7 வந்தபோது ஆரம்ப விலை 1,74,999 ரூபாய். உள் திரைக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் திட்டம் எடுக்கக் கையில் காசு இல்லையென்றால் போனையும் எடுக்காதீர்கள். கட்டட வரைபடம் பார்க்கிற இன்ஜினியர், கணக்குத்தாளும் வாட்ஸ்அப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆர்டர் எடுக்கிற விளக்குத்தூண் ஜவுளிக்காரர், இவர்களுக்கு இது தகும். ரீல்ஸ் பார்க்க மட்டும் என்றால் இது வேண்டாம்.

செகண்ட்ஸில் அவசரப்படுவது

போனைத் திறந்து வெள்ளைப் படம் ஒன்றை வைத்து, மடிப்பின் ஓரத்தைச் சாய்த்துப் பாருங்கள். பாதி திறந்து விட்டால் அப்படியே நிற்க வேண்டும். ஃபிலிம் இல்லையென்றால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.