அகழாய்வுப் பொருட்கள் குவிந்திருக்கும்போது பாதுகாப்புப் பணியை எங்கிருந்து தொடங்குவது?

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் முதுமக்கள் தாழிகளும் இரும்புக் கருவிகளும் வெண்கலக் கலன்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. இப்படிப் பலவகைப் பொருட்கள் அடங்கிய பெருந்தொகுப்பு உங்கள் பொறுப்பில் வந்தால், கைக்கு முதலில் கிடைத்ததைச் சுத்தம் செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு வாளின் துருவை நீக்கி முடிப்பதற்குள் பக்கத்துப் பெட்டியில் பத்து வாள்கள் பொடிந்து போகலாம்.

முதற்படி கணக்கெடுப்பு. பொருள் பொருளாக அல்லாமல் பெட்டி பெட்டியாகச் செல்லுங்கள். உள்ளே எவ்வகைப் பொருட்கள் உள்ளன, உதிர்ந்த துகள்கள் கிடக்கின்றனவா, குழி எண்ணும் மண்ணடுக்கும் எழுதிய சீட்டு படிக்கும்படி இருக்கிறதா என்ற மூன்றையும் பதிவேட்டில் எழுதினாலே போதும். சீட்டு மங்கியிருந்தால் அன்றே புதிதாக எழுதி வையுங்கள். இடம் தெரியாத பொருள் ஆய்வுக்குப் பெரும்பாலும் பயன்படாது.

அடுத்து, பொருளின் தன்மைப்படி பிரியுங்கள். கல்லும் பொன்னும் காத்திருக்கும். பானை ஓடுகளும், மேற்பரப்பில் வெள்ளை உப்புப் பூக்காதவரை, காத்திருக்கும். இரும்பும் வெண்கலமும் காத்திருக்கா. உலோகத்துக்கு வறண்ட காற்று வேண்டும், தந்தமோ அதே வறட்சியில் வெடித்துவிடும். ஆகவே ஒரே குழியில் கிடைத்தவை என்றாலும் இவற்றைத் தனித்தனியே வைத்து, பதிவேட்டில் மட்டும் இணைத்துக் காட்டுங்கள்.

திட்டத்தின் உயிர்நாடி மூன்றாம் படியான உலர்பெட்டிதான். பணமும் முதலில் இதற்கே செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மண்ணிலிருந்த குளோரைடு உப்பு உலோகத்துக்குள் தங்கியிருப்பதால், காற்றின் ஈரம் பட்டதும் அரிப்பு மீண்டும் தொடங்குகிறது. வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி தோன்றினால் அது வெண்கல நோய். ஈரப்பதத்தை வெண்கலத்துக்கு 35 விழுக்காட்டுக்கும் இரும்புக்கு 15 விழுக்காட்டுக்கும் கீழே வைத்தால் அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும். காற்றுப் புகாத பாலிப்ரொப்பிலீன் பெட்டியில், துளையிட்ட பாலிஎத்திலீன் உறைகளுக்குள் பொருட்களை இட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை உலர்த்தி, ஈரம் ஏறினால் நிறம் மாறும் ஈரங்காட்டி அட்டையோடு உடன் வையுங்கள். பஞ்சு வேண்டாம், அது துருச் செதில்களில் சிக்கி அவற்றைப் பெயர்த்துவிடும்.

இதன் பிறகே வேதிச் சிகிச்சை. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில் வேதியியலாளர் எஸ். பரமசிவன் வெண்கலப் பொருட்களுக்கு, மின்சாரம் செலுத்தி அரிப்பை நீக்கும் மின்பகுப்பு முறையைக் கையாண்டார். அத்தகைய பணி பயிற்சி பெற்ற வேதியியலாளருக்கே உரியது. உலர்பெட்டியிலும் அரிப்பு அடங்காதவற்றையும் காட்சிக்கோ ஆய்வுக்கோ உடனே தேவைப்படுபவற்றையும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, அத்தகைய வேதியியலாளரிடம் முதலில் அனுப்புங்கள்.

சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சி நிறைந்துவிடும் என்பதால், அதைச் சூட்டடுப்பில் உலர்த்தி மாற்றும் ஆளுக்கும் நேரத்துக்கும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்குங்கள். மாதம் ஒருமுறை அட்டைகளைப் பார்த்து, நிறம் மாறிய பெட்டியின் மூடியையும் விளிம்பையும் அன்றே சோதியுங்கள்.