ஏரிச் சேற்றிலிருந்து பழைய காட்டுத்தீயைக் கணக்கெடுப்பது எப்படி?

ஏரியின் அடிச்சேற்றில் கரித்துகள் கிடைத்தால் சுற்றுவட்டாரத்தில் எங்கோ தீ எரிந்திருக்கிறது என்று யாரும் சொல்லிவிடலாம். எந்தக் காலத்தில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று சொல்வதுதான் கடினம். அதற்கான அடித்தளம் ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே, ஏரியைத் தேர்ந்தெடுக்கும்போதே விழுந்துவிடுகிறது.

முதலில் அந்தக் காட்டில் எந்த வகைத் தீ வரும் என்று பாருங்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதியில் லாட்ஜ்போல் பைன் காடுகள் நூறு முதல் முந்நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு எரிபவை. அங்கே ஏரிச் சேறு நன்றாகப் பேசும். அரிசோனாவின் பாண்டரோசா பைன் காடுகளில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சருகை மட்டும் எரித்துவிட்டுப் போகும் தரைத்தீ பழைய வழக்கம். அதைச் சேற்றில் தேடுவது வீண் வேலை. மரத்தின் ஆண்டு வளையங்களில் பதிந்த தீத்தழும்புகளைத்தான் எண்ண வேண்டும்.

ஏரி சிறியதாக, சில ஹெக்டேருக்குள், பரப்போடு ஒப்பிட்டால் ஆழமானதாக இருக்கட்டும். பெரிய ஓடை வந்து விழும் ஏரி வேண்டாம். ஓடை பழைய கரியைக் கரையிலிருந்து அரித்துக் கொண்டுவந்து புதிய அடுக்கில் சேர்த்துவிடும்.

சேற்றை இரண்டு கருவிகளால் எடுக்க வேண்டும். மேலடுக்கு குழம்பு போல இருக்கும். அதைக் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாய் பொருத்திய, தன் எடையால் இறங்கும் கருவியில் எடுங்கள். குழாய் மேலே வந்ததும் சேற்றுக்கு மேலுள்ள நீரைப் பாருங்கள். கலங்கியிருந்தால் மேல்பரப்பு கலைந்துவிட்டது. கொட்டிவிட்டுச் சில மீட்டர் தள்ளி மறுபடி இறக்குங்கள். தெளிவாக இருந்தால் களத்திலேயே அரை செ.மீ. வில்லைகளாக வெட்டிப் பையில் போடுங்கள். குழம்புச் சேறு வண்டிக் குலுக்கலைத் தாங்காது.

அதற்குக் கீழே, குழாய்க்குள் சேற்றை உறிஞ்சிப் பிடிக்கும் லிவிங்ஸ்டன் பிஸ்டன் கருவியால் ஒவ்வொரு மீட்டராக இறங்க வேண்டும். ஒவ்வொரு இறக்கத்திலும் மேலே ஒட்டிவரும் சில செ.மீ. சேறு துளையின் சுவரிலிருந்து சரிந்ததாக இருக்கலாம். அதை நம்பாதீர்கள். பக்கத்தில் இன்னொரு துளை போட்டு, அரை மீட்டர் ஏற்ற இறக்கமாக எடுத்தால் முதல் துளையின் மூட்டுகள் இரண்டாவதன் நடுவில் வந்துவிடும். குழாயிலிருந்து வெளியே வரும் சேற்றுத் தூணை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இரு முனையிலும் ‘மேல்’, ‘கீழ்’ என்று எழுதி, 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். அம்புக்குறி மட்டும் போட்டால் பத்து நாள் கழித்து அது மேலைக் காட்டுகிறதா கீழைக் காட்டுகிறதா என்று சண்டை வரும்.

அடுத்தது வயது. மேலே சுமார் 150 ஆண்டுகளுக்கு ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்குக் கீழே, உயிர்ப்பொருளில் தேயும் கதிரியக்கக் கரிமமான ரேடியோகார்பன். அதற்குக் கரையில் வளரும் செடியின் ஊசியிலை, விதை போன்றவற்றைப் பொறுக்குங்கள். நீர்த்தாவரம் சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்த பழைய கரிமத்தை உறிஞ்சி, வயதைக் கூட்டிக் காட்டும். கரித்துண்டும் ஏமாற்றும்: முதிய மரத்தின் நடுப்பகுதி எரிந்திருந்தால், தீயைவிடச் சில நூற்றாண்டு பழைய தேதி வரும். வட அமெரிக்காவின் வடமேற்கில் வேலை செய்பவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு: சுமார் 7,600 ஆண்டுகளுக்கு முன் மசாமா எரிமலை துப்பிய சாம்பல் வெளிர்ப் பட்டையாகக் கண்ணுக்கே தெரியும். அந்தப் பட்டையின் தடிமனை ஆழக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். அது ஆண்டுக்கணக்கில் சேர்ந்ததல்ல.

இப்போது கரி. தூண் முழுவதும் இடைவெளி விடாமல் அரை செ.மீ. அல்லது ஒரு செ.மீ. வில்லைகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் 1 முதல் 3 கன செ.மீ. எடுங்கள். 5% சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் கரைசலில் ஒரு நாள் ஊறவிட்டால் களிமண் பிரியும். பிறகு 6% ஹைட்ரஜன் பெராக்சைடு. கருத்த இலைத் துணுக்குகள் வெளுத்துக் கரி மட்டும் கறுப்பாக நிற்கும். இதில் அவசரப்பட்டு அடர்த்தியைக் கூட்டினால் அரைகுறையாக எரிந்த கரியும் வெளுத்துவிடும். 125 மைக்ரான் சல்லடையில் மெல்லிய நீரால் அலசுங்கள். குழாயை முழுதாகத் திறந்தால் ஒரு துண்டு ஐந்தாக உடையும், உங்கள் எண்ணிக்கையும் ஐந்தாகும்.

கட்டம் போட்ட பெட்ரி தட்டில், ஸ்டீரியோ நுண்ணோக்கியில் எண்ணுங்கள். சந்தேகம் வந்தால் ஊசியால் அழுத்திப் பாருங்கள். கரி சட்டென்று கூர்மையான சில்லுகளாக நொறுங்கும். பூச்சியின் ஓடு வளைந்து நிமிரும். கருங்கனிமம் நொறுங்காமல் வழுக்கி ஓடும். நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கும் துண்டுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவை பெரும்பாலும் புல் எரிந்த கரி.

எண்ணிக்கையை அப்படியே வரைபடமாக்கக் கூடாது. ஒரு கன செ.மீ.க்கு 40 துண்டு, சேறு ஆண்டுக்கு 0.05 செ.மீ. படிகிறது என்றால், 40 × 0.05 = 2; அதாவது ஆண்டுக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 2 துண்டு. இதே வேகத்தில் ஒரு செ.மீ. வில்லை 20 ஆண்டு. ஒரு வில்லையின் காலம் தீ இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் அடுத்தடுத்த தீக்கள் பிரிந்து தெரியும். நூறாண்டுக்கு ஒரு தீ என்றால் இது விளிம்பில் நிற்கிறது. முப்பது ஆண்டுக்கு ஒரு தீ என்றால் அந்த ஏரியில் இடைவெளி பற்றிப் பேசவே கூடாது. கரி கூடியதா குறைந்ததா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு 500 முதல் 1,000 ஆண்டு அகலத்தில் சமப்படுத்திய கோட்டைப் பின்னணியாக எடுத்து, அதற்கு மேலே துருத்தும் முகடுகளைத் தீயாகக் கொள்ள வேண்டும். ‘கார்அனாலிசிஸ்’ என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். முகட்டுக்கும் இரைச்சலுக்குமான (தீயோடு தொடர்பில்லாத சிறு ஏற்ற இறக்கங்களுக்குமான) விகிதம் 3க்குக் கீழே இருக்கும் பகுதியில் முகடுகளை எண்ணாதீர்கள். ஒரு முகட்டை ஒரே ஆண்டோடு கட்டிப்போடவும் வேண்டாம். 1988இல் யெல்லோஸ்டோன் பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீ பரவியபோது, தன் நீர்ப்பிடிப்பு எரியாத ஏரிகளிலும் கரி விழுந்தது; சில ஆண்டுகள் கழித்தும் ஏரியின் ஆழத்துக்கு வந்து சேர்ந்துகொண்டே இருந்தது.

நீலகிரியின் சதுப்புப் பள்ளத்தாக்குகளில் உள்ள கரிச்சதுப்பு மண்ணிலும் இந்த முறை செல்லும். அங்கே பிஸ்டன் கருவிக்குப் பதில் பக்கவாட்டில் வெட்டி எடுக்கும் ரஷ்யக் கருவிதான் பொருத்தம். ஆனால் வறண்ட காலத்தில் சதுப்பே எரிந்து, சில நூறு ஆண்டுப் பதிவு அப்படியே காணாமல் போகலாம். இரண்டு தேதிகளுக்கு நடுவே படிவு வேகம் திடீரென்று சரிந்தால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும்.

காடு மாறியதால் தீ வந்ததா, தீ வந்ததால் காடு மாறியதா என்று கேட்கப் போகிறீர்கள் என்றால், எந்த மரங்கள் இருந்தன என்று காட்டும் மகரந்தத்தையும் கரி எண்ணிய அதே வில்லையிலிருந்து எடுங்கள். பக்கத்துத் துளையிலிருந்து எடுத்தால் இரண்டு செ.மீ. பொருந்தாமல் போனாலே, மேற்சொன்ன படிவு வேகத்தில் 40 ஆண்டு நகர்ந்துவிடும். எது முன், எது பின் என்பதே தலைகீழாகும்.